ஏற்காடு ஏறும் பழைய சொகுசு ஸ்டேஷன் வேகன்: அறிகுறியிலிருந்து கோளாறைப் பிடிக்கும் வழி

சேலத்தில் பழைய சொகுசு ஸ்டேஷன் வேகன் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களுடைய அபிப்பிராயம் இரண்டே வகை. "இதுக்கு மேல ஒரு குடும்ப வண்டி கிடையாதுங்க" என்பார்கள் சிலர். "வாங்கின நாள்ல இருந்து பட்டறையே கதிங்க" என்பார்கள் மற்றவர்கள். விசாரித்தால் ஒரே மாடலாக இருக்கும், ஓடிய கிலோமீட்டரும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். வண்டி எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்பதைக் கேட்டால்தான் விஷயம் பிடிபடும். அஸ்தம்பட்டிக்கும் செவ்வாய்பேட்டைக்கும் நடுவே தினமும் சில கிலோமீட்டர் ஊர்ந்து போகும் வண்டிக்கு வரும் கோளாறு வேறு. ஏற்காட்டுத் தோட்டத்து வீட்டில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு வருவது வேறு. இதைப் பிரிக்காமல் பாகத்தை மாற்றிக்கொண்டே போனால் பணம்தான் கரையும்.

எந்த வண்டிகளைப் பற்றிய பேச்சு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1990-களில் டாடா எஸ்டேட் ஓட்டியவர்களுக்கு இந்த உடலமைப்பு புதிதல்ல: காரின் உயரம், ஜீப்புக்கு நிகரான சாமான் இடம். சொகுசு ரகத்தில் நம் பழைய வண்டிச் சந்தையில் பெரும்பாலும் இரண்டு பெயர் அடிபடும். 2017 ஜூலையில் இந்தியாவுக்கு வந்த வோல்வோ வி90 கிராஸ் கன்ட்ரி, 2 லிட்டர் டீசல், 235 குதிரைத்திறன். 2018 செப்டம்பரில் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் இ-கிளாஸ் ஆல் டெரைன், அதுவும் 2 லிட்டர் டீசல், 194 குதிரைத்திறன். இரண்டுக்கும் நாலு சக்கர இழுவை உண்டு, தரையிலிருந்து உயரம் சாதாரணக் காரைவிடக் கூடுதல். கீழே வரும் கோளாறுகளை ஒரு கம்பெனியின் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்று சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பையில் வண்டியைத் தாங்குவது), டீசல் புகை வடிகட்டி, ஆட்டோமேட்டிக் கியர், நாலு சக்கர இழுவை ஆகியவற்றைச் சுமந்துகொண்டு வயதாகும் எந்த வண்டிக்கும் இவை வரும்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்தில் தொடங்கி 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு மணி நேரத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைகிறது, வெப்பமும் எட்டு பத்து டிகிரி இறங்குகிறது. கீழே புழுதி, மேலே பனிமூட்டம். வண்டியில் ஒளிந்திருக்கும் பலவீனத்தையெல்லாம் வெளியே கொண்டுவந்துவிடும் பாதை இது.

எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று கேள்வி. இன்ஜின் குளிர்ந்திருந்தபோதா, சூடேறிய பிறகா? ஏற்றத்திலா, இறக்கத்திலா, சமதளத்திலா? அதற்கு முந்தைய இரவு வண்டி எங்கே நின்றது? இதற்குப் பதில் கிடைத்த பிறகு கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் செய்யக்கூடிய சோதனைகள், அதற்குப் பிறகு வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர், கடைசியாகத்தான் பாகம் மாற்றுவது. ஸ்கேனரில் வரும் கோட், அதாவது கோளாறு எண், எந்தச் சுற்றில் தகராறு என்று மட்டும்தான் சொல்லும், எந்தப் பாகம் செத்தது என்று சொல்லாது. பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டி எச்சரிக்கை விளக்கை அணைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். இருக்கிற தடயமும் அதோடு அழிந்துபோகும்.

காலையில் பார்த்தால் ஒரு மூலை படுத்திருக்கிறது

ஏற்காட்டிலிருந்து வரும் போன் பெரும்பாலும் இதுதான். "ஏனுங்க, வண்டி முன்னாடி டிரைவர் பக்கம் படுத்திருக்குதுங்க. பஞ்சரான்னு பாத்தேன், டயர்ல காத்து இருக்குதுங்க" என்பார் தோட்டத்துக் காவலாளி. அவர் டயரைப் பார்த்தது சரியான முதல் வேலை. அடுத்து ஒரு அளவு டேப் போதும்.

சமதளத்தில் நிறுத்தி, மாலையில் நாலு சக்கரத்திலும் அளவு எடுங்கள்: சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை. மறுநாள் காலை இன்ஜினை எழுப்புவதற்கு முன், கதவைக்கூடத் திறக்காமல், அதே அளவை மறுபடி எடுங்கள். கதவைத் திறந்தால் சில வண்டிகளில் கம்ப்யூட்டர் விழித்து உயரத்தைச் சரிசெய்யத் தொடங்கிவிடும்.

நாலு மூலையும் ஒரே மாதிரி கொஞ்சம் இறங்கியிருந்தால் அது மலைக்குளிர். பகல் சூட்டில் நிரம்பிய காற்று மார்கழி இரவில் சுருங்கும். இதற்குப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. ஒரே ஒரு மூலை மட்டும் நன்றாக இறங்கியிருந்தால் அந்த மூலையின் காற்றுப் பை, அல்லது அதற்குப் போகும் குழாயின் மூட்டு. முன்பக்கம் இரண்டும் சேர்ந்தோ பின்பக்கம் இரண்டும் சேர்ந்தோ இறங்கினால் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக் மீது சந்தேகப்படலாம். நாலும் தரையோடு படுத்து, இன்ஜின் ஓடியும் எழும்பவில்லை என்றால் காற்றை நிரப்பும் கம்ப்ரஸரா, அதற்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயா, பியூஸா என்று பார்க்க வேண்டும். இதில் பியூஸைப் பார்ப்பதற்குச் செலவே இல்லை, அதனால் அங்கிருந்து தொடங்குங்கள். சில வண்டிகளில் பின்பக்கம் மட்டும்தான் காற்று சஸ்பென்ஷன், முன்பக்கம் சாதாரண ஸ்பிரிங். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொண்டு தேடுங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க சோப்புத் தண்ணீர் போதும். ரப்பர் பை மடியும் இடத்தில்தான் விரிசல் விடும். வண்டி ஒரு உயரத்தில் இருக்கும்போது அந்த மடிப்பு மூடிக்கொண்டு கசிவே தெரியாது, வேறு உயரத்தில் திறந்துகொள்ளும். ஆகவே வண்டியைத் தாழ்ந்த நிலையில் ஒரு முறை, உயர்ந்த நிலையில் ஒரு முறை வைத்துப் பாருங்கள். ஒரே நிலையில் பார்த்துவிட்டு "கசிவு இல்லை" என்று அனுப்பிவிடுவதால்தான் பல பேருக்கு இந்தக் கோளாறு தீராமல் நீள்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கம்ப்ரஸர் போய்விட்டது என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் கம்ப்ரஸர் தானாகப் போவதில்லை. எங்கோ இருக்கும் சின்னக் கசிவை ஈடுகட்ட அது நாள் முழுக்க ஓடி, சூடேறி, தேய்ந்து விழுகிறது. கசிவை அடைக்காமல் புதுக் கம்ப்ரஸர் மாட்டினால் அதற்கும் அதே கதிதான். மாற்றும்போது ரிலேயையும் சேர்த்து மாற்றுங்கள். அதன் முனைகள் கருகி ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். ஈரத்தை உறிஞ்சும் காற்று உலர்த்தியையும் கவனியுங்கள். பனிமூட்டத்தில் வாழும் வண்டிக்கு அது சீக்கிரம் நிறைந்துவிடும்.

படுத்த வண்டியை அப்படியே மலையிலிருந்து இறக்க வேண்டாம். இன்ஜினை ஓடவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். நாலு மூலையும் முழுதாக எழும்பி நிலையாக நின்றால் மெதுவாக இறங்கலாம். எழும்பாவிட்டால் முழு வண்டியையும் தூக்கி வைக்கும் தட்டு லாரிதான். நாலு சக்கர இழுவை உள்ள வண்டியை முன்பக்கம் மட்டும் தூக்கிக் கட்டி இழுத்தால், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்து அனுப்பும் இழுவைப் பெட்டியும் சேர்ந்து கெடும். காற்றில் நிற்கும் வண்டிக்குக் கீழே, ஸ்டாண்ட் வைக்காமல், யாரும் கையோ தலையோ நீட்டக் கூடாது. டயர் மாற்றும்போது, வண்டி தானாக உயரத்தை மாற்றாமல் தடுக்கும் ஜாக்கி நிலையை மெனுவில் போட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஏற்றத்தில் இழுக்கவில்லை

"மேல போகப் போக காத்து கம்மிங்க, அதான் இழுக்கல" என்பது பலரும் சொல்லும் காரணம். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இல்லாத வண்டிக்கு அது பொருந்தும். டர்போ உள்ள டீசலில், குறையும் காற்றை டர்போ கூடுதலாகச் சுழன்று நிரப்பிவிடும். ஏற்காட்டு உயரத்துக்கு நல்ல நிலையில் இருக்கும் வண்டி சோர்வைக் காட்டவே கூடாது. ஐந்தாறு வளைவுக்கு மேல் மூச்சு வாங்கினால் மலையைக் குறை சொல்லாமல் குழாயைப் பாருங்கள்.

டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் குழாய்களும் அவற்றின் கிளிப்புகளும்தான் முதல் சந்தேகம். சமதளத்தில் மெதுவாகப் போகும்போது அழுத்தம் குறைவு, விரிசல் திறக்காது. ஏற்றத்தில் மிதித்தால் திறந்துகொண்டு உஸ்ஸென்று காற்று போகும். குழாயின் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் அங்கேதான் கசிவு. புகை வடிகட்டி இருப்பதால் வெளியே கரும்புகை தெரியாமல் போகலாம், அதனால் புகையை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம்.

அடுத்தது ஏர் பில்டர். கருப்பூர்ப் பக்கம் மாக்னசைட் சுரங்கப் பகுதியில் தினமும் போய்வரும் வண்டியின் பில்டரைக் கழற்றிப் பார்த்தால் மாவு சலித்த மாதிரி வெள்ளைப் பொடி இருக்கும். அப்படிப்பட்ட பாதையில் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் கணக்கு ஒத்துவராது. பாதி தூரத்திலேயே மாற்றிவிடுங்கள்.

இரண்டும் நன்றாக இருந்தால் ஸ்கேனரில் டர்போ அழுத்தத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டர் கேட்கும் அழுத்தம், உண்மையில் கிடைக்கும் அழுத்தம் என்று இரண்டு எண் வரும். கேட்டது கிடைக்கவில்லை என்றால் கசிவு, அல்லது டர்போவின் இறகுகளை நகர்த்தும் மோட்டாரில் பிடிப்பு. கேட்பதே குறைவாக இருந்தால் கம்ப்யூட்டர் வேறு எதற்கோ பயந்து இன்ஜினை அடக்கி வைத்திருக்கிறது. புகை வடிகட்டி அடைப்பும் வெளியேறும் வாயுவின் அதிக வெப்பமும் அதற்கான வழக்கமான காரணங்கள். இந்த ஒரு வாசிப்பை நிறுத்திவைத்த வண்டியில் எடுத்துப் பயனில்லை. மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அடிவாரத்திலிருந்து நாலு வளைவு ஏறுங்கள்.

புகை வடிகட்டி விளக்கு அடிக்கடி வருகிறது

நகரத்துக்குள்ளேயே ஓடும் வண்டிகளின் நோய் இது. வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க, புகை சுமார் 600 டிகிரி சூடேற வேண்டும், அந்தச் சூடு தொடர்ந்து கொஞ்ச நேரம் நிலைக்கவும் வேண்டும். ஐந்து ரோட்டு சிக்னலில் நின்று நின்று போகிற வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. எரிப்பு தொடங்கும், அதற்குள் வீடு வந்துவிடும், சாவியைத் திருப்பி அணைத்துவிடுவீர்கள்.

வண்டியை நிறுத்திய பிறகும் விசிறி பலமாக ஓடுகிறதா? சும்மா நிற்கும்போது இன்ஜின் வேகம் வழக்கத்தைவிட சற்று அதிகமா? சூடான உலோக வாடை வருகிறதா? அப்படியானால் எரிப்பு நடந்துகொண்டிருக்கிறது. முடிந்தால் இன்னும் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

ஏற்காடு போய்வந்தால் சுத்தமாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஏறும்போது சூடு கிடைப்பது உண்மை. இறங்கும்போது இன்ஜினுக்கு வேலையே இல்லை, புகை குளிர்ந்து எரிப்பு பாதியில் நின்றுவிடும். இதற்கு நல்ல பாதை ஓமலூர் வழியாகத் தொப்பூர் நோக்கிப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44. அந்தத் திசையில் சாலை மெல்ல மெல்ல ஏறுவதால் இன்ஜினுக்குச் சுமை தொடர்ந்து இருக்கும். இருபது முப்பது நிமிடம் சீரான வேகத்தில், ஒரு கியர் குறைத்து வைத்து ஓட்டுங்கள். வாரம் ஒருமுறை இதைச் செய்கிறவர்கள் இந்த விளக்கைப் பார்ப்பதே அபூர்வம்.

இன்ஜின் எண்ணெய் அளவு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பாதியில் நின்ற எரிப்புகளின்போது கூடுதலாகச் செலுத்தப்பட்ட டீசல் சிலிண்டர் சுவர் வழியே எண்ணெயில் இறங்கும். எண்ணெய் குறைந்தால் பதறும் நாம், கூடினால் மகிழ்ந்துவிடுகிறோம். கூடுவதுதான் அதிக ஆபத்து. நீர்த்துப்போன எண்ணெய் டர்போ பேரிங்கைக் காப்பாற்றாது. அளவு கோட்டுக்கு மேல் போனால் கிலோமீட்டர் பார்க்காமல் எண்ணெயை மாற்றுங்கள். சாம்பல் குறைவாக விடும், புகை வடிகட்டிக்கென்றே தயாரித்த எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். சாதாரண எண்ணெயின் சாம்பல் வடிகட்டியில் தங்கிவிட்டால் எந்த நெடுஞ்சாலையாலும் அதை எரிக்க முடியாது.

ஆட்புளூ எச்சரிக்கை, "இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாது" என்ற செய்தி

ஆட்புளூ என்பது புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கத் தெளிக்கும் திரவம். பிஎஸ்6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் பெரும்பாலும் இது உண்டு. டீசல் மூடிக்குப் பக்கத்திலோ சாமான் அறையிலோ நீல மூடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

உள்ளே இருப்பது 32.5 சதவீத யூரியா கரைசல். இதற்கு வெயில் ஆகாது. 25 டிகிரியில் வைத்தால் ஒன்றரை வருடம் தாங்கும், 35 டிகிரியில் ஆறு மாதம்தான். நம் ஊர் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அடுக்கி வைத்த கேனை வாங்கி ஊற்றிவிட்டு சென்சார் போய்விட்டது என்று வருந்துவதில் பயனில்லை. தயாரித்த தேதியைப் பார்த்து, வேகமாக விற்றுப்போகும் பங்க்கில், நிழலில் இருக்கும் சீல் வைத்த கேனை வாங்குங்கள். லாரிகள் அதிகம் நிற்கும் சங்ககிரி, நாமக்கல் பாதை பங்க்குகளில் சரக்கு தேங்குவதில்லை.

ஊற்றிய பிறகும் செய்தி போகவில்லை என்றால் பதற வேண்டாம். ஒரு குறைந்தபட்ச அளவுக்கு மேல் ஊற்றினால்தான் பல வண்டிகள் அதைக் கணக்கில் எடுக்கும், அதன் பிறகும் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். மூடியைச் சுற்றி வெள்ளைப் படிகம் இருந்தால் வெந்நீரில் துடைத்து எடுங்கள். அதன் பிறகும் எச்சரிக்கை திரும்பினால்தான் நைட்ரஜன் ஆக்சைடு சென்சாரையும் தெளிக்கும் ஊசியையும் சோதிக்க வேண்டும். கவுண்ட்டவுன் ஓடும் வண்டியை மலைக்கு எடுத்துப் போகாதீர்கள். எண் பூஜ்ஜியத்தைத் தொட்ட பிறகு இன்ஜினை அணைத்தால் மறுபடி எழும்பாது.

இறங்கும்போது பிரேக் வாடை, உதறல், மிதி ஆழமாகப் போகிறது

மூன்றும் வெவ்வேறு விஷயம். வாடை மட்டும் என்றால் பேட் சூடேறியிருக்கிறது, ஓட்டும் முறையை மாற்றினால் போதும். மிதித்தால் ஸ்டியரிங் உதறினால் முன் டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லை. சூடான டிஸ்க்கோடு மிதியை அழுத்திப் பிடித்தபடியே வியூ பாயின்ட்டில் நிற்பதும், இறங்கிய சூட்டோடு அடிவாரத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுவதும் அதற்கு வழி செய்யும்.

மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போவதுதான் பயப்பட வேண்டிய அறிகுறி. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இரண்டு டன்னை நெருங்கும் வேகனில், ஐந்து பேரும் சாமான்களும் இருக்க, தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கினால் அந்த வெப்பத்தை எட்டுவது கடினமே இல்லை. கொதித்த ஆயிலில் குமிழி வந்தால் மிதி பஞ்சாகிவிடும். அப்படி ஆனால் கியரைக் குறைத்து, மிதியை விட்டு விட்டு அழுத்தி, அகலமான இடத்தில் ஓரம் கட்டி, டிஸ்க் ஆறும்வரை நில்லுங்கள். கீழே வந்ததும் ஆயிலை மாற்றுங்கள். அரை மணி நேரத்தில் மிதி பழையபடி ஆகிவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிற விதியை மலை ஏறுபவர்கள் தள்ளிப்போடவே கூடாது.

ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருக்கும் கியர் பிடியைத் தொட்டதே இல்லை. இறக்கத்தில் கியரை மேனுவலில் போட்டு இரண்டிலோ மூன்றிலோ பூட்டுங்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குவது என்று லாரி டிரைவர்கள் வைத்திருக்கும் கணக்கு இந்த வண்டிக்கும் சரி. வளைவுக்கு முன் பிரேக்கைச் சற்றுப் பலமாக ஒரு முறை பிடித்து விடுங்கள். வளைவு முழுக்க லேசாக மிதித்துக்கொண்டே இருப்பதுதான் டிஸ்க்கைச் சமைக்கிறது.

கொண்டை ஊசியில் முழுதாக ஒடித்தால் முன் டயர் தத்துகிறது

குளிர்ந்த காலையில், முழு ஒடிப்பில், மெதுவாகப் போகும்போது மட்டும் தத்தினால் பெரும்பாலும் டயர்தான். அகலமான, கெட்டியான ரப்பர் குளிரில் வளையாமல் துள்ளும். பத்து நிமிடம் ஓடிய பிறகு நின்றுவிடும். மத்தியான வெயிலிலும் தத்தினால் டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் வரிப்பள்ளம்) ஆழத்தை நாலிலும் அளந்து பாருங்கள். நாலு சக்கர இழுவையில் இரண்டு புது டயர், இரண்டு தேய்ந்த டயர் என்று போட்டால் சுற்றளவு வித்தியாசம் இழுவைப் பெட்டிக்குப் போகும். மாற்றினால் நாலையும் ஒரே பிராண்டில் மாற்றுவது நல்லது. ஒடிக்கும்போது கடக் கடக் என்று சத்தம் வந்தால் அது தனி, ஆக்சில் மூட்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறியிருக்கும்.

டயர் அழுத்த விளக்கு மேலே போனதும் எரிந்தால் நாலையும் ஒப்பிடுங்கள். நாலும் ஒன்றுபோல் இறங்கியிருந்தால் குளிர். பத்து டிகிரி குறைந்தால் ஒன்றரை, இரண்டு பிஎஸ்ஐ இறங்கும். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் ஆணி.

கியர் விழும்போது குலுக்கல்

சிக்னலில் நிற்கப் போகும்போது பின்னாலிருந்து யாரோ தட்டியது போல ஒரு குலுக்கல். கியர் ஆயில் ஆயுள் முழுக்கப் போதும் என்ற பேச்சை நம்பி ஒரு முறைகூட மாற்றாத வண்டிகளில் இது வரும். மலை ஏறும் வண்டிக்கு 60,000 கிலோமீட்டரில் ஆயிலும் பில்டரும் மாற்றச் சொல்வேன். அளவு பார்ப்பது குறிப்பிட்ட வெப்பத்தில்தான் செய்ய வேண்டிய வேலை, ஆகவே அந்தக் கருவி உள்ள பட்டறைக்கே போங்கள். அதற்கு முன் இன்ஜின் மவுண்டிங்கையும் பாருங்கள், அது உட்கார்ந்துவிட்டாலும் இதே குலுக்கல்தான்.

உள்ளே ஈரம், பூஞ்சை வாடை, கண்ணாடி உள்பக்கம் பனிக்கிறது

வேகனுக்கே உரிய தொல்லை. தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தடியில் நிழலுக்காக நிறுத்துவார்கள். அந்த இலைகள் கூரைக் கண்ணாடியின் வடிகாலிலும், முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தொட்டியிலும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் கார்ப்பெட்டுக்கு வந்துவிடும்.

கூரைக் கண்ணாடியைத் திறந்து, ஒரு மூலையில் சிறு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அந்தப் பக்கச் சக்கரத்தருகே கீழே வடிய வேண்டும். நாலு மூலையிலும் இப்படிச் செய்யுங்கள். வடியாத மூலையில் மெல்லிய நைலான் கம்பியை விட்டுத் தள்ளலாம். பலமாகக் காற்று அடிக்காதீர்கள். உள்ளே குழாய் மூட்டு கழன்றுவிட்டால் கூரைத் துணியையே இறக்க வேண்டியிருக்கும்.

சாமான் அறையின் அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கள். அங்கே தண்ணீர் நின்றால் பின்கதவு ரப்பரையும் பின்விளக்கு ரப்பரையும் சோதிக்க வேண்டும். இன்னொன்றை யாரும் நினைப்பதில்லை: பின் கண்ணாடி வைப்பருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் மெல்லிய குழாய். அது கதவுக் கீலின் வளைவு வழியாகப் போவதால், திறந்து மூடி வருடக்கணக்கில் வளைந்து வெடிக்கும். மழையே இல்லாத மாதத்தில் பின்னால் ஈரம் இருந்தால் இதுதான். வைப்பர் தண்ணீரில் துளி நிறம் கலந்து அடித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பல வண்டிகளில் முக்கியமான மின் பெட்டிகள் அந்தத் தட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன. ஆகையால் இந்த ஈரத்தை வெறும் வாடைப் பிரச்சினை என்று தள்ளிவிட வேண்டாம்.

நின்ற வண்டி எழும்பவில்லை

முதல் அறிகுறி அதற்குப் பல வாரம் முன்பே வந்திருக்கும்: சிக்னலில் இன்ஜின் தானாக அணைந்து எழும்பும் வசதி வேலை செய்யாமல் போகும். பேட்டரி தளர்கிறது என்று வண்டியே சொல்வது அது. ஓய்வில் இருக்கும் பேட்டரியில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் கெட்டுக்கொண்டிருக்கிறது. தோட்டத்து வீட்டில் நிற்கும் வண்டிக்கு, இந்த வண்டிகளில் வரும் ஏஜிஎம் வகை பேட்டரிக்கு ஏற்ற சார்ஜரை மாட்டி வையுங்கள். காவலாளியிடம் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிடச் சொல்வது உதவாது. எழுப்பச் செலவான மின்சாரம்கூடத் திரும்பாது, புகை வடிகட்டியில் கரி சேர்வதுதான் மிச்சம்.

பேட்டரி நன்றாக இருந்தும் ஒரே நேரத்தில் ஐந்தாறு விளக்குகள் எரிந்தால் பானட்டைத் திறந்து எலி எச்சத்தைத் தேடுங்கள். காபித் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமில்லை, சூடான இன்ஜின் மேல் படுக்க அதற்குப் பிடிக்கும். கடித்த ஒயரை டேப் சுற்றி விடாமல் சால்டர் வைத்து இணைக்க வேண்டும். மலை ஈரத்தில் டேப்புக்குள் செம்பு பச்சையாகிவிடும்.

ஏற்றத்தில் சூட்டு முள் நகர்கிறது

ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள், பஞ்சும் புழுதியும் அடைத்திருக்கும். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றவே கூடாது. சேலத்துப் போர் தண்ணீரின் உப்பு அலுமினியத்தில் படியும். மேலே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால், அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடியின் ரப்பர் சரியாக இருக்க வேண்டியது இங்கே இரட்டிப்பு முக்கியம்.

வாங்கும் முன்

விற்பவரிடம் முந்தைய நாளே சொல்லி வையுங்கள்: "அண்ணா, நான் வர்றதுக்கு முன்னாடி வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க." குளிர்ந்த வண்டியைப் பார்த்தால்தான் படுத்த மூலையும் தளர்ந்த பேட்டரியும் தெரியும். அளவு டேப்பும் டார்ச்சும் எடுத்துப் போங்கள். பின் தட்டைத் தூக்குங்கள், நாலு டயரின் பெயரையும் தேதியையும் படியுங்கள். பிறகு கோரிமேடு வழியாக அடிவாரம் போய், இருவராக ஏற்காடு ஏறுங்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் பின் இருக்கையில் உட்கார்ந்து சத்தம் கேட்கட்டும். மேலே போனதும் அணைத்து அரை மணி நேரம் விட்டுவிட்டு, மறுபடி எழுப்பி உயரத்தை அளந்துவிட்டு இறங்குங்கள். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம், விலை எவ்வளவு குறைவானாலும், பேச்சை நீட்ட வேண்டாம்.

சர்வீஸ் பதிவில் கிலோமீட்டரைவிடத் தேதிகளைப் பாருங்கள். வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடிய வண்டி என்று பெருமையாகக் காட்டுவார்கள். இந்த ரகத்தில் நான் அதற்குக் கூடுதல் விலை கொடுக்க மாட்டேன். நெடுஞ்சாலையில் சீராக ஓடி, எண்ணெயும் பிரேக் ஆயிலும் தேதி தவறாமல் மாற்றிய 80,000 கிலோமீட்டர் வண்டியின் புகை வடிகட்டியும் பேட்டரியும் நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாவது சாவி இருக்கிறதா என்று கேளுங்கள். தொலைந்த சாவிக்குப் புதிது செய்ய ஆகும் செலவை விலையிலேயே கழித்துப் பேசுங்கள்.